வியாழக்கிழமை வருகிறவன்

தெக்கோயோ, கெரெரோ
15 பிப்ரவரி 2016

அன்புள்ள எதெல்மிரா அக்காவுக்கு,

தங்கை மக்ரினா எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் அந்தச் சிகாகோ குளிரில் காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படியேறும்போது என்னைத் திட்டுகிறது.

தோன் எவாரிஸ்தோவின் பார்சல் வேனில் காய்ந்த மிளகாயும் அரைத்த பூசணி விதையும் அனுப்புகிறேன். கடிதத்தையும் அவரிடமே கொடுக்கிறேன். போனில் இதெல்லாம் பேச முடியாது. இந்த ஊரில் போனுக்கும் காது உண்டு.

போன வியாழனோடு தம்பியைக் கொண்டுபோய் ஒரு வருஷம். அன்றைக்குமா கடையைத் திறந்தாய் என்று கேட்பாய். திறந்தேன். அப்பா ஆரம்பித்ததிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக நம் 'நல்ல வியாழன்' கடை எந்த வியாழனும் மூடிக் கிடந்ததில்லை. அப்பாவைப் புதைத்த வாரம்கூட நாம் மூன்று பேரும் கல்லறையிலிருந்து நேரே வந்து அடுப்பு மூட்டினோம். ஊருக்கு வியாழன் என்றால் சோளமும் பன்றிக்கறியும் கொதிக்கிற அந்தப் பச்சைப் பொசோலேதான். துக்கம் என்று சொன்னால் வயிறு கேட்கிறதா?

தம்பி செஞ்சோவைக் கொண்டுபோன அன்று நடந்ததில் ஒன்றை உனக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். மதியம், கடை நிறைய ஆட்கள். முகத்தை மூடிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். பின்கொல்லையில் அவர்களுடைய லாரியை நிறுத்தக் கூடாது என்று செஞ்சோ சொல்லியிருந்தான் அல்லவா, அதற்குத்தான். கையைப் பின்னால் முறுக்கி இழுத்துப் போனார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் போனவன் வாசலில் நின்று திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க" என்றான்.

கடையை விட்டுப் போகிற எல்லோரும் சொல்வதுதானே, அக்கா. பால்குடி மறந்ததிலிருந்து நம் நாக்கில் ஊறியது. ஆளைக் கடத்திக்கொண்டு போகும்போதும் அவன் வாய் அதைத் தானாகச் சொல்லிவிட்டது. அதைவிடக் கொடுமை, கடையிலிருந்த அத்தனை பேரும் ஸ்பூனைப் பிடித்தபடி, "நன்றிங்க" என்று பதில் சொன்னார்கள்.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிடுகிற அந்தக் குரல் மட்டும் என் காதில் குடியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் மக்ரினா


சிகாகோ
13 மார்ச் 2016

என் மக்ரினா,

கன்னி மரியாள் உனக்குத் துணையிருக்கட்டும். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு முதுகுவலி, எனக்கு ஓட்டல் மெத்தைகளைத் தூக்கித் தூக்கித் தோள்வலி. வலியில் குறைவில்லை.

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று.

போதும். விற்றுவிட்டு வா. நான் அங்கே வந்தால் திரும்ப இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், பிள்ளைகள் இங்கே அநாதையாகிவிடும். நீ வரலாம். உன்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரு அண்டாவும் பத்து மேஜையும்தானே! எல்லை தாண்டக் கூட்டிவர அத்தானுக்கு நம்பிக்கையான ஆள் தெரியும். தம்பிக்காக நீ அங்கே உட்கார்ந்து என்ன கண்டாய்? போலீஸ்காரர்கள் உன்னைப் பார்த்தாலே நாற்காலியை எடுத்து உள்ளே போடுகிறார்கள் என்று ஹெனோவேவா சொல்லியனுப்பினாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த "நன்றிங்க" சொன்னவர்களில் நீயும் உண்டா?

பதில் போடு.

எதெல்மிரா


தெக்கோயோ
11 ஏப்ரல் 2016

அன்புள்ள அக்கா,

உன் தோளுக்காக வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சூடாக ஒத்தடம் கொடு, மெழுகுவர்த்தியை மட்டும் நம்பாதே.

வருகிறேன். பெரிய தெருச் செருப்புக்கடைக்காரர் இடத்தைக் கேட்டிருக்கிறார். மே கடைசியில் புறப்படுகிறேன். ஹெனோவேவாவிடம் சொன்னேன். இருபது வருஷமாக நம் அடுப்படியில் நிற்கிறவள், அழுவாள் என்று பார்த்தால், "போங்க, போங்க. அங்க போயி பாக்கெட்ல அடைச்ச ரொட்டியத் தின்னுட்டு மூணாம் நாள் ஓடி வருவீங்க. நான் இங்கதான் இருப்பேன், சிரிக்கிறதுக்கு" என்றாள். அப்புறம் வெங்காயம் நறுக்கப் போனாள். நறுக்க வேண்டிய வெங்காயம் எதுவும் இல்லை.

சுவரில் மாட்டியிருக்கும் செஞ்சோ படத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். வேறென்ன வேண்டும், எழுது.

மக்ரினா


சிகாகோ
2 மே 2016

என் தங்கமே,

உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. ஜன்னலோரம். கோட்டு வாங்கிவிட்டேன், நீல நிறம், நீ கறுப்பு கேட்பாய் என்று தெரிந்தேதான் நீலம். ஒன்றும் கொண்டுவராதே, உன் கைகளை மட்டும் கொண்டு வா. வழியில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே. உன் வாய் உனக்கு எதிரி.

ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும்.

எதெல்மிரா


தெக்கோயோ
20 ஜூன் 2016

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. மூட்டையிலிருந்த சோளத்தில் வண்டு வைத்துவிட்டது, வெயில் வரும்போதெல்லாம் பரப்பிக் காய வைக்கிறோம்.

நான் வரவில்லை. செருப்புக்கடைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அத்தான் அந்த ஆளிடம் கெட்ட பெயர் வாங்கியிருப்பார், மன்னிக்கச் சொல். காரணம் கேட்காதே.

வியாபாரம் பரவாயில்லை. வியாழக்கிழமைகளில் புதிதாக ஒருவன் வருகிறான். முப்பது வயதிருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறான், பொரித்த பன்றித்தோல் இரண்டு பங்கு கேட்கிறான். சுவரைப் பார்க்க உட்காரமாட்டான், வாசலைப் பார்த்துத்தான். அவனுக்கு நானே பரிமாறுகிறேன்.

கோட்டை உன் மகளுக்குக் கொடுத்துவிடு.

மக்ரினா


சிகாகோ
17 ஜூலை 2016

மக்ரினா,

நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம், நீ கவலைப்பட வேண்டாம்.

அந்தக் கோட்டை என் மகளுக்கு நான் கொடுக்கமாட்டேன். அது அங்கேயே தொங்கட்டும், நீ வந்து பார்த்து வெட்கப்பட.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வேனில் வந்த சேதி எனக்கும் வந்தது. அவன் வந்தால் உள்ளேயிருந்து ஓடி வருகிறாயாம். வெண்ணெய்ப் பழத்தில் நல்ல பாதியை அவனுக்கென்று எடுத்து வைக்கிறாயாம். நாற்பத்தோரு வயதில், அடி பைத்தியமே! காதலிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானே பூ வாங்கி அனுப்புவேன். தம்பி போன இடத்தில் கண்ணீர் காயவில்லை, அதற்குள் பத்து வயது சின்னவனுக்காக என்னைக் கைவிட்டாய் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் யார்? பெயர் என்ன? யார் வீட்டுப் பிள்ளை?

எதெல்மிரா


தெக்கோயோ
15 ஆகஸ்ட் 2016

அன்புள்ள அக்கா,

உன் வீட்டில் எல்லோரையும் மரியாள் காக்கட்டும். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன், அதனால் உன்மேல் கோபமில்லை.

பெயர் அர்னுல்போ. சுண்ணாம்புச் சூளையில் லாரி ஓட்டுவதாகச் சொல்கிறான். மே மாதத்தில், எனக்கு அதுதான் கடைசி வியாழன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன், அன்றைக்கு வந்தான். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டான், வாயைத் துடைத்தான், வாசலில் நின்று திரும்பி எல்லோரையும் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க" என்றான்.

கடைசி எழுத்தை இழுத்தான், அக்கா.

எல்லோரும் நன்றி சொன்னார்கள். என் கையிலிருந்த கிண்ணம் விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி அவனால் இதே கடைக்கு வர முடிந்தது என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். ஊரில் நல்ல பொசோலே இங்கேதான் கிடைக்கிறது. அவனுக்கும் வியாழனன்று பசிக்கும். அவ்வளவுதானோ என்னவோ.

செஞ்சோவை எங்கே போட்டார்கள் என்று தெரிந்த ஒரே மனுஷன் வாராவாரம் என் மேஜையில் வந்து உட்காருகிறான். நான் எப்படி அங்கே வருவேன்? ருசி குறைந்தால் வேறு கடைக்குப் போய்விடுவான். அதனால் ருசி குறையவிடுவதில்லை.

அவன் என்னை அக்கா என்கிறான். மற்ற பையன்களை எல்லாம் "என்ன தம்பி வேணும்" என்று கேட்டுப் பழகிய வாய் எனக்கு. இவனிடம் அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. "உனக்கு?" என்று மட்டும் கேட்கிறேன்.

முதல் சில வாரம் சோளம் வெந்து பூவாக விரியவேயில்லை. புதன்கிழமை நானும் ஹெனோவேவாவும் ஒவ்வொரு சோள மணிக்கும் மூக்கைக் கிள்ளி எடுத்துத்தான் அண்டாவில் போடுகிறோம். விறகைத் தள்ளித் தள்ளி எரித்தும் மணிகள் கல்லாகவே கிடந்தன.

"யாரோ வயிறெரிஞ்சிட்டு அண்டாவப் பாக்கறாங்க. கோவக்காரி கிண்டினா சோளம் விரியாது, உங்கம்மா சொல்வாங்க" என்றாள் ஹெனோவேவா.

"நீதான் உன் புருஷன நெனச்சுக்கிட்டே கிண்டியிருப்ப."

"அவன நெனச்சா சோளமென்ன, அண்டாவே வெடிச்சிருக்கும். உங்கள சொல்றேன். என்ன ஆச்சு உங்களுக்கு?"

நான் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். மறு புதனிலிருந்து அண்டா பக்கம் போகாமல் அவளையே கிண்டச் சொல்லிவிட்டேன்.

மக்ரினா


சிகாகோ
4 செப்டம்பர் 2016

மக்ரினா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. பாம்புக்குப் பால் வார்க்கிறாய். பால்கூட இல்லை, பாவி, நம் அப்பாவின் பொசோலேயை வார்க்கிறாய்! எலி மருந்துக்குக் கடையா இல்லை அந்த ஊரில்? அவன் தட்டில் போடு. நாலு கரண்டி மிளகாய் போட்டால் ஒரு கசப்பும் தெரியாது. போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறு.

எதெல்மிரா


சிகாகோ
5 செப்டம்பர் 2016

என் மக்ரினா,

நேற்று எழுதியதையும் இதையும் வேன்காரர் சேர்த்துத்தான் கொண்டுவருவார். நேற்றையதைக் கிழித்து அடுப்பில் போடு. கோவிலுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்தேன். அப்படி எழுதியது நான்தானா என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அவனிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் நீ யாரென்று அவனுக்கு உறைக்கும். எனக்கு ஒரு தம்பி போனது போதும்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா


தெக்கோயோ
17 அக்டோபர் 2016

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமென்று வேன்காரர் சொன்னார். உன் மகள் கல்யாணப் பெண்போல வளர்ந்துவிட்டாளாம். சந்தோஷம்.

அடுப்பில் போட்டுவிட்டேன். எலி மருந்து எனக்கும் தோன்றாமல் இல்லை. அவன் செத்தால் தம்பி இருக்கிற இடமும் அவனோடு செத்துப்போகும். அதனால் விட்டேன், நல்ல மனசால் இல்லை.

கேட்டுவிட்டேன். கோபப்படாமல் படி.

ஒரு வியாழன், மழையால் கூட்டம் குறைவு. அவன்தான் பேச்செடுத்தான். "அக்கா, இந்தப் பச்சை எப்படி வருது? எங்கம்மா வெச்சா சாணி கலர்ல வருது."

"இலைய அரைச்சு கடைசியில போடச் சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா கரண்டியாலயே போடுவா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், அக்கா. மனுஷ முகம் இப்படியெல்லாம் செய்கிறது.

"இவ்ளோ பெரிய கடைய நீங்க தனியாவா பாத்துக்கறீங்க? ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

"தம்பி இருந்தான்."

"எங்க போயிட்டான்?"

"தெரியல. இங்கேர்ந்துதான் கூட்டிட்டுப் போனாங்க. இதே மாதிரி ஒரு வியாழக்கிழமை. அதோ, அந்தக் கதவு வழியா."

ஸ்பூன் தட்டில் நின்றுவிட்டது. சுவரில் இருக்கும் படத்தை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன் அதுவரை அதைப் பார்த்ததேயில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "யாரு, எதுக்குன்னு நான் கேக்கல. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பற சக்தியும் எனக்கில்ல. எலும்பு எங்க கெடக்குன்னு தெரிஞ்சா போதும். எடுத்துட்டு வந்து எங்கப்பா பக்கத்துல வெச்சிடுவேன். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். வாசலில் நிற்கவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். போன வியாழன் வந்தான். கறுத்து இளைத்திருந்தான். பாதிதான் சாப்பிட்டான். அம்மாவுக்கென்று ஒரு டப்பா கட்டித் தரச் சொன்னான். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வியாழன் கூட்டம் அடங்கினப்புறம் வரேன்க்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அந்த வியாழன் இன்னும் வரவில்லை. வேன் நாளை புறப்படுகிறது.

மக்ரினா


சிகாகோ
6 நவம்பர் 2016

மக்ரினா,

நீ நலமா? நிஜமாகவே கேட்கிறேன். என்ன சொன்னான்? ஒரு வரி போதும். எங்கே என்று மட்டும் எழுது. நான் அந்த மண்ணுக்கு வந்துவிடுகிறேன், திரும்பவிடாவிட்டால் போகட்டும்.

எதெல்மிரா


சிகாகோ
20 நவம்பர் 2016

வேன் வந்தது. மிளகாய் வந்தது. உன் கடிதம் இல்லை. மூட்டையைத் தரையில் கொட்டித் தேடினேன். ஹெனோவேவா போனை எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறாயா?


தெக்கோயோ
5 டிசம்பர் 2016

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். ஹெனோவேவாவும் இருக்கிறாள், போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. உன்னைத் தவிக்கவிட்டதற்கு என்னைத் திட்டு. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

அவன் வரவில்லை. எல்லோரும் போன பிறகும் அவனுக்கென்று ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் இல்லை. என்னிடம் பேச நினைத்தது அவனுடைய ஆட்களுக்குத் தெரிந்ததா, வேறு சண்டையா, யாருக்கும் தெரியாது. லாரி மட்டும் சூளை வழியில் கதவு திறந்தபடி நின்றதாம்.

அப்புறம் ஒரு வியாழன் ஒரு கிழவி வந்தாள். ஒட்டிப்போன சின்ன உடம்பு, ஆண்பிள்ளைச் செருப்பு. மேஜை மேஜையாக ஒரு படத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள். என்னிடமும் நீட்டினாள். அவன்தான்.

"நீங்கதானம்மா மக்ரினா? எம்புள்ள வியாழக்கிழமை தவறாம இங்கதான் சாப்பிடுவான். எனக்கும் வாங்கிட்டு வருவான். காணாமப் போன அன்னிக்கு, 'அந்தக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்மா'ன்னுட்டுத்தான் கெளம்பினான். உங்ககிட்ட என்ன சொன்னான்? எதா இருந்தாலும் சொல்லுங்க. அத வெச்சு அவனத் தேடிப் பாப்பேன்."

அக்கா, நான் எந்த வார்த்தைக்காக அரை வருஷம் அவனுக்குச் சோறு போட்டேனோ, அதையே அவள் என்னிடம் வந்து கேட்டாள். "வரலியேம்மா. சொல்றதுக்குள்ள..." என்றேன்.

உட்கார வைத்துப் பொசோலே கொடுத்தேன். எபிக்மேனியா என்று பெயர். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. சாப்பிடும்போது செஞ்சோ படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு?"

"என் தம்பி. இவனையும் கொண்டுபோயிட்டாங்க."

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் நெஞ்சு உயரம்கூட இல்லை. "எந்தப் பாவி செஞ்சானோ, அவன் கை அழுகிப் போகட்டும். அவனப் பெத்தவ வயிறு..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். "சாபம் விடாதீங்கம்மா. வேண்டாம். சாப்பிடுங்க" என்றேன். எவ்வளவு நல்லவள் என்று என்னை நினைத்து அவள் அழுதாள்.

நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. சொல்லச் சொல்லி நீ எழுதாதே.

காணாமல் போனவர்களைத் தேடும் பெண்கள் இங்கே சிலர் சேர்ந்து மலைக்குப் போகிறார்கள். அவர்கள் சொல்வது இதுதான்: அந்த ஆட்களுக்கு ஆளுக்கொரு இடமெல்லாம் கிடையாது, போட்ட இடத்திலேதான் போடுவார்கள். அவனைத் தேடினால் தம்பியும் கிடைப்பான். அதனால் நானும் அவளும் சேர்ந்தே போகிறோம். தேடுகிற பெண்களுக்கு வண்டி கிடைப்பது வியாழனன்றுதான். மூன்று வியாழனாகக் கடை மூடியிருக்கிறது. அப்பா மன்னிக்கட்டும்.

மண் இளகிக் கிடக்கிற இடமாகப் பார்த்து நீளமான இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குவோம். பிறகு வெளியே இழுத்து நுனியை முகர்ந்து பார்க்க வேண்டும். கீழே யாராவது இருந்தால் வாசனை சொல்லும். அவளுக்கு வயதாகி மூக்கு மந்தம். அதனால் அவள் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், நான் அடிக்கிறேன். முகர்வதும் நான்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் முகர்கிறேன். நான் தலையைத் தூக்குவதற்குள் அவள் என் முகத்தைப் படிக்கப் பார்க்கிறாள். இல்லை என்று ஆட்டுகிறேன். அவள் சிலுவை போட்டுக்கொள்கிறாள். இல்லை என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம், அக்கா. பிறகு கம்பியைத் துடைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறோம்.

நீ வராதே. பிள்ளைகளோடு இரு. அடுத்த வேனில் உறுதியான பூட்ஸ் இரண்டு ஜோடி அனுப்பு, இங்கே கிடைப்பதெல்லாம் கல்லில் கிழிந்துவிடுகிறது. ஒன்று என் அளவு. இன்னொன்று சின்னதாக, குழந்தைகள் கடையில் கேட்டுப் பார்.

உன் தோளைப் பார்த்துக்கொள்.

மக்ரினா